அலுமாரிக்குள் போன விளையாட்டுப் பெட்டிகள்

1

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாப் படங்களை நீங்கள் எல்லோரும் முகநூலில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு 'வாழ்த்துகள்' என்று எழுதியும் இருப்பீர்கள். அந்தப் படத்தில் கழுத்து மறைய மாலை போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு பேரில் கட்டையானவர் என் வீட்டுக்காரர். நெட்டையானவர் அவருடைய தமையன். நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், கனடாவில் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பரந்தனில் இருக்கும் என் அண்ணி படத்தைப் பார்த்துவிட்டு உடனே போன் எடுத்தா.

"ஆசுப்பத்திரிக்கு ஏதோ மிசின் குடுத்திருக்கிறியள் போல கிடக்கு. பெரிய புண்ணியம்" என்றா.

மிசின்தான் அண்ணி. பிள்ளைகள் ரீவியில் பூட்டி விளையாடும் மிசின். ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை. கம்பனிகளின் பெயரை எழுத மாட்டேன். அவற்றுக்குச் சம்பளம் இல்லாமல் விளம்பரம் செய்ய எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

படத்தில் விழாத கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாழ்த்தியவர்கள் வாசித்துவிட்டு வாழ்த்தைத் திருப்பி எடுத்தாலும் எனக்குக் கோபமில்லை.

2

நாங்கள் இருப்பது சுவிஸில். நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். இவர் ஒரு களஞ்சியத்தில் சாமான் அடுக்குகிறார். மகள் ஜெனிக்குப் பதின்மூன்று வயது. கிழமை நாட்களில் நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதே படிக்கட்டில்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்தால்தான் ஒன்றாக இருந்து சாப்பாடு. அந்த நேரம் பார்த்து இவர் போனை மீன்குழம்புச் சட்டியில் சாய்த்துவைத்துக் கனடாவுக்கு அழைப்பார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். பெரியத்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார். சுகம் கேட்பது இரண்டு வசனம். மூன்றாவது வசனத்தில் பெட்டி வந்துவிடும்.

"உன்ர கறுப்பு சூடேறினா விமானம் கிளம்பிற மாதிரிச் சத்தம் போடுதாமே" என்று அவர் தொடங்குவார்.

"அது பழைய கறுப்பு அண்ணை. புதுசில சத்தமே இல்லை. உங்கட வெள்ளைக்கு முதல்ல விளையாட நல்ல விளையாட்டு இருக்கோ எண்டு பாருங்கோ."

"மாசக் காசு கட்டினா நூற்றுக்கணக்கில தாறான்ரா."

"நூறு தந்து என்ன, நாலு உருப்படியா இருக்கோ?"

இப்படியே சோறு ஆறும். இருவருக்கும் ஐம்பது கிட்டுகிறது. மகளின் வகுப்பு ரீச்சரின் பெயரைக் கேட்டால் இவர் என் முகத்தைப் பார்ப்பார். கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் காற்றாடியைப் பற்றிக் கேட்டால் செபம் சொல்வதுபோலச் சொல்வார். அதில் விளையாடவாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் காரோட்டும் விளையாட்டில் இவர் ஓட்டியதைப் பார்த்தேன். தொடங்கிய இடத்திலேயே மதிலில் முட்டிக்கொண்டு நின்றார். பெரியத்தானின் பெட்டியில் தூசி படாமல் துணி போர்த்தியிருப்பதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறா.

இவர்கள் இருவரும் ஒரே சைக்கிளில், பின் கரியரில் அரிசி மூட்டையோடு, ஆளுக்கு ஆள் மாறி உழக்கி இடம்பெயர்ந்தவர்கள். அந்தச் சைக்கிள் என்ன கம்பனி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

அண்ணனும் தம்பியும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். சிவப்புப் பெட்டி சின்னப்பிள்ளைகளின் சாமான் என்பது. சிவப்பு, கைக்குள் அடங்குவது. ஜெனியிடம் இருந்தது அதுதான். கடைசியாக ஊருக்குப் போனபோது அவள் தன்னுடைய பழைய சிவப்பை முல்லைத்தீவில் மச்சாள் டிலானியிடம் விட்டுவிட்டு வந்தாள். டிலானி இவருடைய தங்கை றீற்றாவின் மகள். ஜெனியின் வயதுதான். இங்கே வந்து ஜெனிக்கு இன்னொரு சிவப்பு வாங்கிக் கொடுத்தோம். அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே விளையாட்டை, ஒருத்தி சுவிஸிலும் ஒருத்தி கடற்கரையிலுமாக, ஒன்றாக விளையாடினார்கள். பாயும் விளையாட்டு. ஒரு சின்ன உருவம் இடமிருந்து வலம் ஓடும். வழியில் குழிபோலக் கிடங்கு வந்தால் பாய வேண்டும், கல் உருண்டு வந்தால் பாய வேண்டும், பிழைத்தால் விழுந்து செத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதை இல்லை, காரணம் இல்லை. விழுவதும் எழும்புவதும்தான்.

அந்த விளையாட்டின்போது ஜெனியின் வாயிலிருந்து மூன்று தமிழ்ச் சொற்கள் வரும். ஓம். வா. பொறு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை எத்தனை வருடம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அங்கே பரிசும் வாங்கியவள், வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில்தான் பதில் சொல்வாள். யாரும் சொல்லாமல் அவளாகப் பேசிய தமிழ் இந்த மூன்று சொல்தான். நான் குசினியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பேன்.

இந்த வருடம் டிலானியின் சிவப்பு செத்துப்போனது. உப்புக் காற்று எதை விட்டது. அதோடு ஓமும் போனது, வாவும் போனது. டிலானி ஒரு படம் அனுப்புவாள், இவள் ஒரு மஞ்சள் முகத்தை அனுப்புவாள், அவ்வளவுதான். எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. ஊரில் இவளுக்கென்று இருந்த ஒரே ஆள் டிலானி. அந்த நூலும் அறுந்தால் நாளைக்கு எங்களைப் புதைக்க வரும்போதுகூட இவள் ஜெர்மனில்தான் அழுவாள்.

"ஊருக்குப் போகேக்க டிலானிக்கு இன்னொரு சிவப்பு வாங்கிக்கொண்டு போவம்" என்று இவரிடம் சொன்னேன்.

"அந்த விளையாட்டுச் சாமானோ? அண்ணை சனசமூக நிலையத்துக்கு வெள்ளைப் பெட்டி குடுக்கிறாராம். நான் கறுப்பு குடுக்கிறன். ஊர்ப் பிள்ளையள் எல்லாம் விளையாடட்டும், டிலானியும் அங்க போய் விளையாடுவாள்தானே" என்றார்.

"அது ஜெனியின்ர சிவப்போட சேருமோ?"

"சேராது. அதுக்கென்ன, ஜெனிக்கும் ஒரு கறுப்பு வாங்கினாப் போச்சு."

பெரியத்தான் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை. நிறத்தை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

3

சனசமூக நிலையத்தில் இருப்பது ஒரு ரீவி. ஒரு பெட்டியைத்தான் பூட்டலாம். வெளிநாட்டுக்காரர் இருவரில் எவர் மனமும் நோகக் கூடாது என்று நிலையத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஆட்களுக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே வழிதானே. பட்டிமன்றம். 'சிறுவரின் அறிவு வளர்ச்சிக்குப் பெரிதும் துணைநிற்பது கறுப்புப் பெட்டியா, வெள்ளைப் பெட்டியா?' வென்ற பெட்டி நிலையத்துக்கு, தோற்ற பெட்டி பள்ளிக்கூடத்துக்கு. நடுவர் ஒரு ஓய்வுபெற்ற அதிபர்.

விழாவுக்கு நிற்க வேண்டுமென்றால் ஜெனிக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குவதற்கு நான்கு நாள் முந்திப் புறப்பட வேண்டும். இங்கே அது லேசான காரியமில்லை. விண்ணப்பம் போட்டால் காரணம் கேட்பார்கள், காரணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். இவர் 'பண்பாட்டு நிகழ்வு' என்று எழுதினார். அழைப்பிதழை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள். அந்தப் பாவமும் என் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, எந்த விளையாட்டுப் பெட்டி நல்லது என்று பெரியவர்கள் மேடை போட்டு விவாதிக்கப் போகிறார்கள் என்றா எழுதியிருக்கிறீர்கள், சொல் ஏதும் பிழைத்துவிட்டதா என்று மரியாதையாகக் கேட்டா. சொல் சரி, ஆட்கள்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு "சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்று சொன்னேன். அவ முத்திரை குத்தித் தந்தா.

கட்டுநாயக்காவிலிருந்து வானில் போனோம். பெரியத்தானும் அன்றைக்கே வந்திறங்கினார். வவுனியா வரைக்கும் நித்திரை. கனகராயன்குளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியது என் பிழை. தேத்தண்ணி குடித்துத் தெம்பு வந்த அண்ணனும் தம்பியும் அங்கிருந்து பரந்தன் சந்தி மட்டும் பெட்டிக் கதைதான். வான் ஓட்டின பொடியன் கண்ணாடியில் இவர்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். காணி வழக்கு என்று நினைத்திருப்பான். பரந்தனில் என் அண்ணனைக் கண்டுவிட்டுக் கிழக்கே திரும்பினோம். உடையார்கட்டு தாண்டும்போது ஜெனி கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிவப்பில் தனியாகப் பாய்ந்துகொண்டிருந்தாள். பாய்கிறாள், விழுகிறாள். ஒரு சத்தமும் இல்லை.

4

றீற்றா வீட்டில் இறங்கிய மறுநாளே பேச்சு எழுதும் வேலை தொடங்கியது. பட்டிமன்றத்தில் பேசப்போவது பிள்ளைகள், எழுதப்போவது பெரியவர்கள். உங்களுக்குத் தெரியாத வழக்கமா என்ன. கறுப்பு அணிக்கு ஜெனியை இவர் பிடித்துவிட்டார். வெள்ளை அணிக்கு டிலானியைப் பெரியத்தான் பிடித்துவிட்டார். மிச்சப் பேச்சாளர்களை அக்கம்பக்கத்தில் பிடித்தார்கள். இவர் முற்றத்துக் கதிரையில் இருந்து 'சிரந்தாழ்ந்த வணக்கங்கள்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினார். ஜெனிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமெடுக்கும் என்று அதை முழுக்க ஆங்கில எழுத்தில் திருப்பி எழுதிக் கொடுத்தார். பிள்ளை அதை எவருடையதோ போன் இலக்கத்தைப் பாடமாக்குவது போலப் பாடமாக்கினாள்.

"சிரம் எண்டா என்ன தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. சொல்லிமுடிஞ்ச உடன கும்பிட வேணும், அது தெரியும்" என்றாள், ஜெர்மனில்.

றீற்றா இறால் உடைத்துக்கொண்டிருந்தா. அவவின் மனுசன் கடலுக்குப் போகிறவர், அன்றைக்கு அவருக்கு வலையில் நல்ல பாடு. இவர் அவவுக்கும் கறுப்பின் பெருமையை விளக்க வெளிக்கிட்டார்.

"சுடுற விளையாட்டு ஒண்டு இருக்கு தங்கச்சி. சத்தம் என்ன மாதிரித் தெரியுமோ? எங்களுக்குப் பின்னால நிண்டு சுட்டா, பின்னால இருந்துதான் கேக்கும். அச்சொட்டா."

றீற்றா இறாலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பின்னால நிண்டு சுட்டா எப்பிடிக் கேக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும் அண்ணை. அதுக்குப் பெட்டி தேவையில்லை" என்றா.

பெரியத்தானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெள்ளையில அந்தச் சத்தத்தைக் குறைக்கலாம்" என்றார். றீற்றா சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா.

அன்று பின்னேரம் டிலானியும் ஜெனியும் பின்பக்கம் கிணற்றடியில் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரே சிவப்பு. ஒருத்தி செத்தால் மற்றவளின் கைக்கு மாறும். பேச்சை விட்டுவிட்டு விளையாடுகிறார்கள் என்று பெரியத்தான் சத்தம் போட்டார். நான் அவரைக் கடைக்குச் சீனி வாங்க அனுப்பினேன். வீட்டில் சீனி தாராளமாக இருந்தது.

5

விழா. கொடி, விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. எல்லாரும் எல்லாருக்கும் மாலை போட்டு முடிய வெயில் இறங்கிவிட்டது. பட்டிமன்றம் தொடங்கியது. வெள்ளை அணியின் தலைவி என்று ஒரு சின்னப்பிள்ளை எழும்பி, வெள்ளை சமாதானத்தின் நிறம் என்றாள். கைதட்டல். கறுப்பு அணியில் ஒருத்தன், கறுப்பு உழைப்பாளியின் நிறம் என்றான். அதற்கும் கைதட்டல். பெட்டியில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெட்டியைக் கண்டதே அன்றைக்குத்தான்.

ஜெனி எழும்பினாள். சிரந்தாழ்ந்த வணக்கம் சொன்னாள், கும்பிட்டாள். ஒரு பக்கம் நல்லாகத்தான் ஓடியது. பிறகு 'தொழில்நுட்பப் பேராழியில் முத்தெடுக்கும்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். இவர் முன்வரிசையில் இருந்து வாயசைத்துக் காட்டினார். அவள் பார்க்கவில்லை. கடதாசியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இது விளங்கேல்ல" என்றாள். தமிழில். ஒலிவாங்கியில்.

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"கறுப்பில நல்ல படம். வெள்ளையிலயும் நல்ல படம். ரெண்டும் நல்லது. ஆனா ரெண்டிலயும் நானும் டிலானியும் சேரேலாது. எங்கட விளையாட்டு சிவப்பில. அவளின்ர சிவப்பு செத்திட்டுது. அப்பாட்ட அம்மா கேட்டவா, அப்பா வாங்கேல்ல. நான் போனா பிறகு அவள் தனிய. நானும் தனிய."

நடுவர் மணியை அடித்தார். "பிள்ளை, தலைப்புக்குள்ள நிண்டு கதையுங்கோ."

அப்போது எதிரணியில் இருந்து டிலானி எழும்பிவிட்டாள். "அவள் சொல்லுறது சரி சேர்."

"எதிரணி இடையில எழும்பக் கூடாது. இருங்கோ பிள்ளை."

"நான் எதிரணி இல்லை சேர். அவள் என்ர மச்சாள்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பேருக்கும் மணி அடித்து, இரண்டு பேரையும் இருத்தி, தலைப்பை விட்டு விலகியதற்காகப் புள்ளியும் குறைத்தார்கள். என் மகள் பிறந்த நாள் தொட்டுத் தமிழில் பேசிய ஆகப் பெரிய பேச்சு அது. அதற்குப் புள்ளி குறைத்தார்கள். நான் எழும்பி அந்த மணியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். மாலை போட்ட மனுசனின் பெண்சாதி என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் இருந்துவிட்டேன்.

தீர்ப்பு என்ன என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கறுப்பும் நல்லது, வெள்ளையும் நல்லது, இரண்டு கண்களில் எது உசத்தி என்று கேட்கலாமா என்றார் நடுவர். இரண்டு பெட்டிகளும் நிலையத்துக்கே என்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் இல்லை.

6

இரண்டு நாள் கழித்து இவரோடு நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். ரீவியில் ஒன்றும் பூட்டவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டு பெட்டிகளும் இருந்தன. 'அன்பளிப்பு' என்று இரண்டு பெயர்களும் ஒட்டியிருந்தன. தன்னுடையது கீழ்த்தட்டில் இருக்கிறதே என்று இவருக்கு முகம் வாடியது. அலுமாரிக்குப் பூட்டு. முன்னால் ஐந்தாறு பிள்ளைகள் நின்று கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டின்ர திறப்பு எங்க?" என்று கேட்டேன்.

"தலைவரிட்ட" என்றார் அங்கே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்.

"தலைவர் எங்க?"

"வவுனியாவுக்குப் போட்டார். வந்தாலும் குடுக்க மாட்டார் தங்கச்சி. பிள்ளையள் பழுதாக்கிப் போடுவினம்."

விளையாடக் கொடுத்த சாமானை விளையாடினால் பழுதாகிவிடும் என்று பூட்டிவைக்கிற மூளை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும். வீட்டில் வெளிநாட்டுக் கோப்பையை அலுமாரிக்குள் அடுக்கிவைத்துவிட்டுத் தகரக் குவளையில் தேத்தண்ணி குடிக்கிற சனம்தானே நாங்கள். தலைவரைப் பற்றி அன்றைக்கு நான் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. பேப்பர்க்காரர் பேப்பரை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டார்.

திரும்பும் நாள் கட்டுநாயக்காவில் பைகளைச் சோதிக்கும் இடத்தில், மின்சாரச் சாமான்களை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். இவர் ஜெனியிடம் சிவப்பைக் கேட்டார்.

"டிலானியிட்ட" என்றாள்.

"விட்டிட்டு வந்திட்டியோ?"

"விடேல்ல. குடுத்தனான்."

"இனி நீ எதில விளையாடுவாய்?"

அவள் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

7

சுவிஸ் வந்து ஒரு கிழமை, ஏழு நாளும், வீடு வழக்கம்போலக் கிடந்தது. பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே உள்ளே சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜெனி போனைப் புத்தகங்களில் சாய்த்துவைத்துவிட்டு முன்னால் முழங்காலில் நின்றாள். போனுக்குள் டிலானியின் தோள், தோளுக்கு அப்பால் சிவப்பின் திரை. டிலானி போனைப் பால்மா ரின்னில் சாய்த்துவைத்திருந்தாளாம். விளையாடுகிறவள் அவள். எங்கே பாய்வது என்று சொல்கிறவள் இவள்.

"பொறு மச்சாள், இப்ப பாயாத. அந்தக் கல்லு கிட்ட வரட்டும். இன்னும் கிட்ட... இப்ப பாய். ஐயோ, விழுந்திட்டாய். நான் சொன்னனான்தானே, உனக்குக் காது கேக்காதோ?"

"நீ பிந்திச் சொன்னனீ."

"நான் பிந்தேல்ல, உன்ர வைஃபை பிந்தினது. மற்றப் பக்கத்தால போ. ஏணி இருக்கு, கண் தெரியேல்லையோ?"

நான் குசினிக்குப் போகாமல் அறைக்கு வெளியே ஓடையிலேயே நின்றேன். இரண்டு பேரிடமும் பெட்டி இருந்தபோது மூன்று சொல்தான் வந்தது. விரலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. இப்போது இவளுக்கு விரலுக்கு வேலையில்லை. வாயைத் திறக்காவிட்டால் அங்கே ஒருத்தி கிடங்கில் விழுந்து சாவாள். ஏணி, கிடங்கு, விளிம்பு, வழுக்குது, பதுங்கு, எட்டிப் பிடி. தெரியாத சொல்லுக்கு டிலானியைக் கேட்பாள். டிலானிக்கு விளங்காவிட்டால் என்னைக் கூப்பிடுவாள், "அம்மா, இதுக்குத் தமிழில என்ன" என்று. என் மகள் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் என்னிடம் கேட்டதேயில்லை. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

பாவம் இவர், மேடையில் மகள் சொன்ன 'அப்பா வாங்கேல்ல' நெஞ்சில் தைத்துவிட்டது. அவளுடைய பிறந்த நாளுக்கு என்று ஒருவருக்கும் தெரியாமல் புத்தம்புதுச் சிவப்பு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். தமையனுக்குக்கூடச் சொல்லவில்லை.

"என்னப்பா, இதை ஒளிச்சு வையும். அண்டைக்குக் குடுப்பம். பிறகு ரெண்டு பேரும் முந்தி மாதிரிச் சேர்ந்து விளையாடலாம்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் வாங்கி என்னுடைய அலுமாரிக்குள், சீலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பிறந்த நாள் வந்தது. கேக் வெட்டினோம், ஜெனிக்குக் குளிர்ச் சட்டை ஒன்று கொடுத்தேன். இவர் கண்ணால் கேட்டார். திறப்பை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்றேன். அடுத்த ஞாயிறும் கேட்டார். தேடுகிறேன் என்றேன். மூன்றாவது தரம் கேட்க வந்தவர் ஓடையில் நின்றுவிட்டார். உள்ளே ஜெனி, "விழுந்தாப் பரவாயில்லை மச்சாள், எழும்பு, நான் இஞ்ச நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்கு வந்து, ஒன்றும் கேட்காமல், தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

திறப்பு என் கைப்பையில்தான் இருக்கிறது. எங்கள் நிலையத் தலைவரைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.